உலையை நிறுத்தியது யார்

1

இது கட்டுரையாகத்தான் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஓர் அணுமின் நிலையம் பழுதாகி, பேப்பர் எல்லாம் அதே பேச்சாக இருந்த 1979இல், யாழ்ப்பாணத்தில் அறிவியல் சஞ்சிகை நடத்தும் அருளம்பலத்தார் அங்கேயே திருநெல்வேலியில் இருந்த என் அறைக்கு வந்தார்.

“மாஸ்டர், அரசாங்கச் சட்டதிட்டங்களாலை அணுமின் நிலையங்கள் ஒழுங்கா நடக்குதோ, இல்லாட்டி நொண்டுதோ எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாரும். நீர் பௌதிகம் படிப்பிக்கிறவர்தானே.”

ஓம் என்றுவிட்டேன். எழுதச் சொல்லி யாராவது கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. நான் அணுமின் நிலையத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் வானம் கறுத்தாலே கரண்ட் போய்விடும்.

2

முதல் தொடக்கம்: (அணு உலையின் பாதுகாப்பு என்பது மூன்று அடுக்குகளைக் கொண்ட ஒரு)

எழுதும்போதே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: (அபாய விளக்கு எரிந்தது. சோமசேகரத்தின் நெற்றியில் வியர்வை)

இது பச்சைப் பொய். உலையின் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் வியர்க்காதாம். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பார்களாம். அபாய விளக்கும் எரியவில்லை.

சோமசேகரம் என் தங்கை மீனாம்பிகையின் புருசன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இங்கிலாந்தில் ஓர் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. லீவில் வந்திருக்கிறான் என்று நினைத்து, கட்டுரைக்குத் தகவல் கேட்க உடுவிலில் அவன் வீட்டுக்குப் போனபோதுதான், அவன் லீவில் வரவில்லை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. கட்டுரை அன்றோடு செத்தது.

3

நடந்தது இதுதான். பின்னேரம், அவனுடைய வேலைமுறை முடிகிற நேரம். உலையைக் குளிர வைக்கும் இயந்திரம் ஒன்றின் சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அரசு விதித்த எல்லையைத் தாண்டினால் உலையை நிறுத்தியே ஆகவேண்டும். தாண்டவில்லை. தாண்டாதவரை, நிறுத்துவதா விடுவதா என்பது பொறுப்பில் இருப்பவனின் முடிவு. நிறுத்தினால் மறுபடி மூட்டப் பல நாள் பிடிக்கும். அதுவும் அங்கே குளிர் கடுமையான மாரிகாலம், நாடு முழுக்கக் கரண்டுக்குத் தவிக்கிற நேரம்.

அடுத்த முறைக்காரன் டேவிஸ் கொஞ்சம் முந்தியே வந்து கதவடியில் நின்றான். சோமசேகரம் அவனைக் கூப்பிட்டு, சூடு காட்டும் இந்த முள்ளைப் பார், நீ சொல் என்றான். டேவிஸ் பார்த்துவிட்டு, நிறுத்து என்றான். இவன் நிறுத்தினான்.

கழற்றிப் பார்த்தால் இயந்திரத்தின் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. நிறுத்தியது சரி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. விசாரணைக்கு வேண்டியது வேறொன்று: முடிவெடுத்தது யார்? பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்காதவன் சொல்லை வைத்து உலையில் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். டேவிஸ் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை; அவன் பக்கத்தில் நின்றதை மட்டும் ஆட்கள் கண்டிருந்தார்கள்.

4

“ஏன்ரா அவனைக் கேட்டனி?” என்று சோமசேகரத்தைக் கேட்டேன்.

“அப்பிடித்தானே எங்கடை கிணத்திலை,” என்றான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

உடுவிலில் அவர்களுடைய தோட்டக் கிணறு மூன்று குடும்பத்துக்குப் பொது. ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு. மிசின் வந்த பிறகு கண்டபடி இறைத்து, ஊரில் சில கிணறுகள் உவராகிப் போயின. அதற்குப் பிறகு இவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இறைக்கிறவன் தண்ணீரை ருசி பார்ப்பதில்லை. மறுநாள் முறைக்காரன் வந்து வாய்க்காலில் ஒரு கை அள்ளிக் குடிப்பான். உப்புத் தட்டுகிறது, நிப்பாட்டு என்றால், வெங்காயப் பாத்தி பாதி காய்ந்து கிடந்தாலும் மிசினை நிறுத்த வேண்டும். தன் பாத்தி காய்ந்து கிடக்க, தண்ணீர் உவர் என்று தன் வாயால் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?*

* கிணறு அணு உலை அல்ல. ஒப்பிட்டுவிட்டுப் பெருமைப்படும் வியாதி எனக்கு இருக்கிறது. வாசிப்பவர்கள் இதை நம்பவேண்டியதில்லை.

“அங்கை அந்த வேலைக்குத்தானே அரசாங்கம் இருக்கு?” என்று கேட்டேன். கட்டுரை முற்றாகச் சாகவில்லைப் போலும்.

“அரசாங்கத்துக்கு அங்கை தோட்டம் இல்லை, மச்சான். அது எல்லையைப் போட்டிட்டுப் போயிடும். அடுத்ததா அந்தக் கதிரையிலை இருக்கப் போறவனுக்குத்தான் நெஞ்சு இடிக்கும்.”

ஆனால் சட்டம் போட்டவர்களும் முட்டாள்கள் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுத்தால், பிசகும்போது இவனை அவன் காட்டுவான், அவனை இவன் காட்டுவான். ஒருவன் தலையில் பொறுப்பு இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினார்கள். எனக்கு இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. இப்படி மதில்மேல் இருக்கிற ஆளைக் கட்டுரை எழுதக் கேட்ட அருளம்பலத்தார் பாவம்.

5

மீனாம்பிகை மதிலில் ஏறுகிற ஆள் இல்லை.

“டேவிஸ் வாய் திறக்கமாட்டனெண்டு சொல்லிப்போட்டான். நானேதான் முடிவெடுத்தனான் எண்டு இவர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், வேலை திரும்பக் கிடைக்கும். யோசிக்கிறாராம்! பிள்ளையள் ரெண்டும் அங்கை படிக்குதுகள், நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை.”

“உண்மையைச் சொன்னால் டேவிசுக்கும் வேலை போகும்,” என்றான் சோமசேகரம். “அதுதான் யோசினை. ஆனா சொல்லாட்டி சட்டம் உப்பிடியே கிடக்கும். அடுத்தமுறை ஒருத்தன் ஆரையும் கேக்கப் பயந்து, எல்லை தாண்டேல்லைத்தானே எண்டு பேசாமல் இருந்திடுவான். அண்டைக்கு ஆர் பதில் சொல்லுறது?”

அவள் எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழுததை நான் பார்த்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

6

முடிவு அ: அவன் திரும்பிப் போய்ப் பொய் சொல்கிறான். வேலை மிஞ்சுகிறது.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான். சட்டத்தில் ஒரு வரி மாறுகிறது. (இரண்டு குடும்பங்கள் தெருவில் நிற்கும்போது, அந்த வரியை ஒருநாள்)

வேண்டாம்.

அவன் பயணப்படுவதற்கு முன் இதை வாசிக்கக் கொடுத்தேன். அவன் அதை அப்படியே மீனாம்பிகையிடம் கொடுத்தான். அவள் கடைசிவரை வாசித்தாள்.

“உதை அச்சிலை போடாதேங்கோ அண்ணை. இவர் அங்கை ஒண்டு சொல்ல, நீங்கள் இஞ்சை ஒண்டு எழுதினால்? லண்டனிலை எங்கடை ஆக்கள் எத்தினை பேர் உந்தச் சஞ்சிகை வாசிக்கினம் தெரியுமே?”

“பேரெல்லாம் மாத்திப்போட்டன், பிள்ளை.”

“பேரை மாத்தினால் காணுமே? உடுவிலிலை இருந்து அணு நிலையத்துக்குப் போனது எத்தினை பேர்?”

கிணற்றை வேறு ஊருக்கு மாற்றுகிறேன் என்றேன். அவள் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, “அவர் ஓமெண்டு சொல்லுற வரைக்கும் போடமாட்டனெண்டு சொல்லுங்கோ,” என்றாள். ஓம் என்றேன்.

அதனால் முடிவை என்னிடம் கேட்காதீர்கள். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால், நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படியென்றால் ஒன்று, சோமசேகரம் விசாரணையில் உண்மையைச் சொல்லி, எல்லாம் முடிந்து, என்னைப் போடச் சொல்லிவிட்டான். அல்லது அவன் பொய் சொல்லித் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, என் தங்கைக்குக் கொடுத்த வாக்கை மீறி நான் அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வாசிக்கும் இந்த நிமிடத்தில்.

எதுவென்று உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் கடைசி வரிவரை வந்துவிட்டீர்கள்.