உறை பிரிக்காத தட்டு

ஓர் இசைத்தட்டு வாங்கினால் எங்கள் வீட்டில் ஓர் அறை கூடும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் சில வீடுகள் கட்டிய அளவிலேயே நின்றுவிடுகின்றன என்று தெரிந்தது. அவை பாட்டைப் போனில் கேட்பவர்களின் வீடுகள். அவர்களை நான் கேலி செய்ததில்லை. கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிறகு வேறு பக்கம் பார்ப்பேன்.

நான் சேர்ப்பது பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசை. எல்.பி. தட்டுகள் மட்டும். நான் பிறந்தபோது அம்பத்தூரில் எங்களுக்கு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ஹால் இப்போதும் அம்பத்தூரில்தான் இருக்கிறது. சமையலறை பாடிக்குப் போய்விட்டது. நடுவில் வராந்தா. வராந்தாவின் இரண்டு பக்கமும் அறைகள். அறைக்கு ஒரு தட்டு. அம்மா காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துச் சமைக்கப் போவாள். வழியில் ஒரு டீக்கடை முளைத்திருக்கிறது. மாஸ்டர் நல்ல மனிதர். கடைக்கு முன்னால் வராந்தாவைக் கூட்டிக்கொள்கிறார்.

அம்மா இதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு சிக்னல் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாததுபோல் வெங்காய விலைக்குப் போய்விடுவாள்.

என்னைப்போல் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தட்டைப் படுக்க வைத்தால் வளைந்துவிடும், நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்பது தட்டு சேர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விதி. எங்கள் சங்கம் அதை உறுப்பினர்களுக்கும் விரிவுபடுத்தியது. நாங்கள் யாரும் படுப்பதில்லை. சுவரோரமாக, தோளோடு தோள் ஒட்டி, நின்றபடி தூங்குகிறோம். கை கொடுக்கும்போது ஓரத்தை மட்டும் தொடுவோம். உள்ளங்கை படக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

தலைவி ஹெப்சிபா மேடம். கல்லூரியில் எங்களுக்குத் திரவ இயக்கவியல் எடுப்பவர். பல வருஷங்களாக ஒரு விதியையும் மீறாததால் மேடம் மெலிந்து மெலிந்து, பக்கவாட்டில் பார்த்தால் தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். வகுப்பில் அவர் பக்கவாட்டில் திரும்பும்போது ஆள் போய்விட்டார் என்று நினைத்துப் பேசிய பலர் அரியர் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கத்தில் எனக்கு முதல் வரிசையில் இடம். அதற்குக் காரணம் ஒரே ஒரு தட்டு.

காஸ்ட் அயர்ன் விகார் என்று ஷெஃபீல்டில் ஒரு குழு. வார்ப்பிரும்புப் பாதிரியார் என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் பயம் பாதி குறைந்துவிடும். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு அவர்கள் ஒரே ஓர் ஆல்பம் போட்டார்கள். வாங்கிய அத்தனை பேரும் கேட்டுக் கேட்டே தேய்த்துவிட்டார்கள். இப்போது அந்தத் தட்டுகளில் கோடு எதுவும் கிடையாது. ஷெஃபீல்டில் அவற்றில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்கிறார்களாம். மிச்சம் இருப்பது என்னுடையது மட்டும். என்னுடையது உறை பிரிக்காதது.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் தட்டுக்குக் கண்ணாடித்தாள் உறை சுற்றும் வழக்கமே கிடையாது. அப்படியிருக்க என் தட்டுக்கு உறை எப்படி வந்தது என்று சங்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம்.

அது எனக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. மூடி இல்லாத ஒரு மிக்ஸி ஜாருக்கும் ஒற்றை ஸ்கேட்டிங் ஷூவுக்கும் நடுவில் இருந்தது. மற்றதெல்லாம் படுத்துக் கிடந்தன. அது மட்டும் எதிலும் சாயாமல் நின்றுகொண்டிருந்தது. அட்டையில் ஒரு பிரசங்க மேடை எரிகிறது. மேடையில் ஒரு வெள்ளாடு. நான் குனிந்ததும் ஆடு எழுந்து நின்றது. வேறு யார் குனிந்தபோதும் எழவில்லை என்று கடைக்காரரே சொன்னார்.

அந்தத் தட்டை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதனால் அதைப் பற்றி என்னால் தடையில்லாமல் பேச முடியும். பேசியிருக்கிறேன். சங்கக் கூட்டத்தில், கேன்டீனில், மாடிப்படியில், ஒருமுறை வைவாவில். டிரம்ஸ் எங்கே நுழையும், கிடார் எந்த இடத்தில் பாட்டை விட்டு வெளியே போய் எந்த வழியாகத் திரும்பி வரும் என்றெல்லாம் சொல்வேன். ஆரம்பத்தில் யோசித்துச் சொன்னேன். பிறகு யோசிக்கத் தேவைப்படவில்லை. வைவாவில் நல்ல மதிப்பெண்.

ஒரு சனிக்கிழமை காலை காஸ்ட் அயர்ன் விகார் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான்கு பேர். ஆல்பம் வெளிவந்த அன்று என்ன வயதோ அதே வயது. தோல் ஜாக்கெட், ஆணி அடித்த பெல்ட், இடுப்பு வரை முடி. டீக்கடையில் விசாரித்து வந்திருந்தார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் என்பதால் திருநெல்வேலித் தமிழ் பேசினார்கள். பாடுகிறவர் கெவின். டிரம்ஸ் அடிக்கிறவர் நார்மன். மற்ற இருவரும் கிடார்காரர்கள். கிடார்காரர்கள் பேசுவதில்லை.

அம்மா மோர் கொடுத்தாள். இந்த வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டக் கூடாதா என்று கேட்டாள். கழற்ற வராது என்று கெவின் கூச்சத்தோடு சொன்னார். அது உள்ளேயிருந்து வளர்கிறதாம். அம்மா, "அப்ப சரி" என்று இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

கெவின் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, எங்களுக்கு எங்க பாட்டு மறந்து போச்சு."

எந்தப் பாட்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு பாக்கி இல்ல. சாயங்காலம் கச்சேரி இருக்கு. உங்க தட்ட ஒருக்கா போட்டுக் காட்டுனீங்கன்னா போதும், புடிச்சுக்கிடுவோம்."

மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. நார்மன் தானாகவே சொன்னார். குழுவைக் கலைக்க மாட்டார்களாம். மாற்றிவிடுவார்களாம். கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுவாக, நிரந்தரமாக. பந்திக்குப் பக்கத்தில்தான் மேடை. அது மேலிடத்து முடிவு. மேலிடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனார்களாம், படிக்கட்டு இல்லையாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நார்மனின் காலரில் ஜிகினா முளைத்தது. அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டார். விரலிடுக்கில் மின்னியது.

தட்டைக் கொண்டுவந்தேன். நால்வரும் எழுந்து நின்றார்கள். அட்டையில் இருந்த ஆடு அவர்களை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கெவின் உறையைத் தொடாமல் கிட்டே குனிந்து பார்த்தார். இதைக் கிழிக்க வேண்டியிருக்குமா என்று கேட்டார். கிழிக்காமல் தட்டு வெளியே வராது என்றேன். ரொம்ப அழகாகச் சுற்றியிருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன்.

"அவங்க பாட்ட அவங்க கேக்குறாங்க. உனக்கு எங்கடா வலிக்குது?" என்றாள் அம்மா.

பிளேடு சமையலறையில் இருந்தது. அம்மா கிளம்பி, வராந்தாவில் ஆட்டோவுக்குக் கையைக் காட்டினாள்.

நான் தலைவிக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். ஹெப்சிபா மேடம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தார். விருந்தாளிகளுக்கு ஓரமாகக் கை கொடுத்தார். அவர்கள் மேல் சங்கத்துக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றார். ஆனால் அவர்களைச் சங்கத்தில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே இந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்றார். மறந்துவிட்டோமே என்றார் கெவின். மறந்தாலும் கேட்டது கேட்டதுதான் என்றார் மேடம். பிறகு என்னை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"வினோபா, கேட்டவங்க எத்தனையோ பேரு. கேக்காம வச்சிருக்கவன் நீ ஒருத்தன்தான். பிரிச்சேன்னா, அப்புறம் நீயும் போன்ல பாட்டு கேக்குறவனும் ஒண்ணு."

மேடம் கடுமையானவர், ஆனால் தப்பாகச் சொல்வதில்லை. உறை கிழிந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கும். இத்தனை நாள் நான் சொல்லிவந்ததெல்லாம் அதில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் சொன்ன கிடார் திரும்பி வராமலே போய்விட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கம் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. ஒரு கிடார்காரரின் விரல்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கும் மெட்டைத் தாமாகவே வாசித்தன. அவர் இன்னொரு கையால் அந்தக் கையை அடித்தார். கெவினின் முடி காதுக்கு மேலே ஏறி, எண்ணெய் வைத்து வகிடெடுத்துக்கொண்டது. "அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டும் என்று இரு வீட்டார் சார்பாகவும்" என்று அவர் வாய் சொன்னது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையில் ஒரு மைக் இருந்தது. மைக்குக்குப் பூ சுற்றியிருந்தது.

அம்மா திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு சிக்னலிலும் பச்சை. பிளேடை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

"பிளேடு வேணாம். எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்னது தெரியும்?" என்றார் நார்மன்.

"முழு ஆல்பமும்."

நீ இதைக் கேட்டதே இல்லையே என்றார் மேடம். அதனால்தான் ஒன்றுகூட மறக்கவில்லை என்றேன்.

முதல் பாட்டை டீப்பாயில் அடித்துக் காட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் விழுகிற வேகம், அதற்குமேல் ஒரு மயிரிழை. ஷெஃபீல்டிலும் அதே மெஷின்தான் இருக்க வேண்டும், நார்மனின் கால் தானாக ஆடியது. கிடாரை வாயால் வாசித்தேன். எங்கே பாட்டை விட்டு வெளியேற வேண்டும், வெளியே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தக் கதவு வழியாக உள்ளே வர வேண்டும் என்று காட்டினேன். கெவினுக்கு எங்கே கத்த வேண்டும் என்று சொன்னேன். அதைவிட முக்கியமாக, எங்கே கத்தக் கூடாது என்று சொன்னேன்.

நார்மனின் காலரிலிருந்து ஜிகினா ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அம்மா துடைப்பம் எடுத்தாள்.

நான்காவது பாட்டில் அம்மா குறுக்கே வந்தாள். இதை நான் இவ்வளவு அவசரமாகச் சொன்னதே இல்லையாம். போன பொங்கலுக்கு மாமாவிடம் சொன்னபோது நிதானமாக, மலை நகர்கிற மாதிரி இருந்ததாம். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வேகத்தைக் குறைத்தோம். கடைசிப் பாட்டை நான் பெரிதாக முழங்கி முடிக்கப் போனேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டு, அப்படி இல்லை, அது பாதியில் சட்டென்று நின்றுவிடும் என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு கனம் கூடியிருந்தது. பக்கவாட்டிலும் லேசாகத் தெரிந்தார்.

நார்மன் தன் டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"ஏல கெவினு, நாம இவ்வளவு நல்லாவா போட்டோம்?"

கெவின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டிருப்போம்ல. தம்பிக்குப் பொய் சொல்லுத மூஞ்சி இல்ல."

அவர் முடி மறுபடி இடுப்புக்கு வந்திருந்தது.

நார்மனுக்கு ஓர் ஆசை வந்தது. இப்போதுதான் எல்லாம் தெரிந்துவிட்டதே, ஒருமுறை பிரித்து ஒத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். பிளேடு மேசைமேல்தான் இருந்தது. எல்லாரும் பிளேடைப் பார்த்தோம். கெவின் குனிந்து, உறைமேல் காதை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"வேண்டாம்ல. உள்ள இருக்கது வேற மாதிரி இருந்துச்சுன்னா, அதுக்கு அசிங்கமாப் போயிரும்."

அம்மா பிளேடைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கச்சேரி எங்கே என்று அப்போதுதான் கேட்டேன். இங்கேதான் என்றார்கள். போஸ்டரில் இடம் என்ற இடத்தில் எங்கள் வராந்தா போட்டிருந்தது.

மாலையில் வராந்தா நிறைந்துவிட்டது. டீக்கடைக்கு எதிரில் மேடை. சங்கத்துக்காரர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். போனில் பாட்டு கேட்பவர்களும் வந்திருந்தார்கள். வாயைத் திறந்தபடி அறைகளை எண்ண முயன்று, விட்டுவிட்டு, மறுபடி எண்ணினார்கள். இது யார் வீடு என்று ஒருவர் மாஸ்டரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே மோவாயால் என்னைக் காட்டினார். நான் கவனிக்காததுபோல் நின்றேன். கவனிக்காததுபோல் நிற்பதற்கு நல்ல பயிற்சி வேண்டும்.

தட்டை நெஞ்சுக்கு நேராக, மேடையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டேன். அதுவும் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. வராந்தாவின் டியூப் லைட்டுகள் வரிசையாக அணைந்து வரிசையாக எரிந்தன. கிடார் பாட்டை விட்டு வெளியே போனது. நான் சொன்ன நேரம் வெளியே நின்றது. நான் சொன்ன கதவு வழியாக உள்ளே வந்தது. கெவின் கத்தக் கூடாத இடத்தில் கத்தவில்லை. கூட்டத்தில் யாரோ அழுதார்கள். அது ஹெப்சிபா மேடமாக இருக்கலாம், எனக்குப் பக்கவாட்டில் நின்றதால் உறுதியாகத் தெரியவில்லை.

அப்போது என் கைகளுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. உறைக்குள், அட்டைக்குள், தட்டு சுற்ற ஆரம்பித்திருந்தது. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு சரியான வேகத்தில்.

பக்கத்தில் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் என்னைத் தொட்டான்.

"ப்ரோ, உங்க தட்டு சுத்துது."

"கத்துக்குது" என்றேன்.

முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கவில்லை. மேடையில் நால்வரும் தண்ணீர் குடித்தார்கள். தட்டு நிற்கவில்லை. இரண்டாவது பாட்டுக்குள் போய்விட்டது, எனக்கு உள்ளங்கையில் தெரிந்தது. மேடையில் கெவினுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

என் கையில் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். உறையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நார்மன் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு, தட்டு பாட்டின் எந்த இடத்துக்குப் போயிருந்ததோ அந்த இடத்துக்கு ஓடினார்.