முதலாளி என்று போடலாமா

செவ்வாய்க்கிழமை காலை முப்பத்தொரு குழாய் ரத்தம் வந்தது. அசாம் ஜாவா என்ற சிற்றூர்ப் பக்கத்தில் பழைய பேட்டரிகளை உருக்கும் ஓர் ஆலையிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ரவாங்கில் நான் வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்துக்கு அப்படி வரும். குழாய்களில் பெயர் இருக்காது. தொழிலாளர் எண் மட்டும் இருக்கும். பதினேழாவது குழாயில் இருந்த எண்ணை நான் தினமும் பார்க்கிறேன். அது என் அக்கா கணவர் ரவீந்திரனின் வேலை அட்டையில் இருக்கும் எண். அட்டை எங்கள் வீட்டுக் கதவு ஆணியில் தொங்கும்.

மதியத்துக்குள் முடிவுகள் வந்துவிட்டன. இருபத்தாறு பேருக்கு ஈயம் அளவை மீறியிருந்தது. மாமாவுக்கு இரண்டு மடங்கு. பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன்பும் ஏறக்குறைய அதேதான். அப்போது ஆலையில் அவரிடம், "நார்மல் லா, உலைக்கே போ" என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தொரு எண்களையும் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாமா ஒரு ராஜினாமாப் பாரத்துடன் வந்தார். உலைப் பகுதி ஆட்கள் முப்பத்தொரு பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், எனக்கு உடல்நலப் புகார் எதுவும் இல்லை என்று மலாய் மொழியில் இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும்.

"போடாதீங்க மாமா."

"எல்லாரும் போடலன்னா நானும் போட மாட்டேன். நான் ஒருத்தன் நின்னு என்னா செய்ய, ரூபி?"

அவர் வலது மணிக்கட்டு இரண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுளுக்கு என்று அக்கா எண்ணெய் தேய்த்து வந்தாள். நான் எண்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முதலில் லியோனார்டிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

லியோனார்ட் பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மார்க்சிய வட்டத்தை நடத்துபவர். வட்டம் என்றால் ஐந்து பேர். தொலைபேசியில் அவர் உடனே முடிவு சொன்னார். "யாருகிட்டயும் பேசாதீங்க. ஒங்க வேல போயிடும். எண்களைத் துண்டறிக்கையில போடுவோம். சனிக்கிழம ஷிஃப்ட் மாறுறப்ப ஆலை கேட்டுல குடுப்போம். மொத்தமா சொன்னாத்தான் மொத்தமா நிப்பாங்க." எனக்கு அது சரியாகப் பட்டது. சொல்லும் வேலை என் தலையிலிருந்து இறங்கியது என்ற நிம்மதியும் இருந்தது.

புதன்கிழமை மாலை பத்தாங் பெர்ஜுந்தாயில், எங்கள் வட்டத்துப் பாலனின் கைப்பேசிக் கடைப் பின்னறையில் கூடினோம். லியோனார்ட் எழுதி வந்த முதல் வரியை வாசித்தார்: "முதலாளி உங்கள் ரத்தத்தில் ஈயத்தைக் கலந்துவிட்டு, உங்களையே வெளியே போகச் சொல்கிறான்."

"முதலாளின்னு போட முடியாது தோழர்" என்றார் தேவதாஸ். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். எங்களில் அதிகம் படித்தவர் அவர்தான். "அந்தக் கம்பெனி சீன அரசாங்கத்தோடது. யாரு அங்க முதலாளி? பேரு சொல்லுங்க."

"அரசே முதலாளி. அரசு முதலாளித்துவம்."

"பேங்க் அரசு கையில, நெலம் அரசு கையில, இரும்பு அரசு கையில. எந்த அதிகாரியாவது ஆலைய மகனுக்கு எழுதி வைக்க முடியுமா? புரட்சி புடுங்குன சொத்த இன்னும் திருப்பிக் குடுக்கல. அது தொழிலாளர் அரசுதான். கெட்டுப்போயிருக்கு. அதிகாரிங்க மேல ஏறி ஒக்காந்திருக்காங்க. அவ்ளோதான்."

"அங்க கோடீஸ்வரனுங்க கட்சி அட்டை வெச்சிருக்கானுங்களே, அவனுங்க யாரு? தொழிலாளியா?" என்று விஜயராணி கேட்டார். பாலர் பள்ளி ஆசிரியை.

"கோடீஸ்வரன் இருக்கான். ஆட்சி அவன் கையில இல்ல."

லியோனார்ட் கண்ணாடியைக் கழற்றினார். "ரஷ்யாவுல தொண்ணூத்தொண்ணுல என்னா நடந்துச்சு? அதே அதிகாரிங்க ஒரே வருசத்துல முதலாளி ஆனாங்க. முன்னாடியே ஒரு வர்க்கமா இல்லன்னா அது எப்படி முடியும்?"

"ஆனாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அதுக்கு முன்னாடி இல்ல!"

பாலன் மேசையைத் தட்டிச் சிரித்தார். லியோனார்டின் முகம் சிவந்தது.

ஈயம் முந்நூற்று இருபத்தேழு டிகிரியில் உருகும். ஒரு டிகிரி கீழே இருந்தால் திடம். அரசுகளுக்கு அப்படி ஓர் எண் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரப்பும் எனக்குச் சரியாகவே பட்டன. வாக்கெடுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி கூடுவது என்று ஆயிற்று.

வியாழக்கிழமை தேவதாஸ் வட்டத்தின் கைப்பேசிக் குழுவில் பதினொரு நிமிடக் குரல் பதிவு ஒன்று போட்டார். பின்னால் லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லியோனார்ட் நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். இரண்டையும் வேலையிடத்துக் கழிப்பறையில் உட்கார்ந்து முடித்தேன். வீட்டில் மாமா இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். "மத்தவங்க என்னா சொல்றாங்க மாமா?" என்று கேட்டேன். "பயப்படுறாங்க. ஏன் போடக்கூடாதுன்னு யாருக்கும் தெரியலயே" என்றார். நான் தட்டைக் கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமை நான் பேசினேன். வட்டத்தில் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் நானாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"கம்பெனின்னு போட்டுட்டா?"

லியோனார்டும் தேவதாஸும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"கம்பெனின்னா என்னாங்க, கட்டடமா?" என்றார் தேவதாஸ். "அது தப்பிச்சு ஓடுற வார்த்த."

"அப்ப முதலாளின்னே போடுங்க" என்றேன். மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தன் மாற்றுக் கருத்து துண்டறிக்கையில் அடிக்குறிப்பாக வர வேண்டும் என்று தேவதாஸ் கேட்டார். அது அவர் உரிமை என்று லியோனார்டும் ஒப்புக்கொண்டார். அடிக்குறிப்பை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாலன் நூறு படிகள் எடுக்க ஆரம்பித்தார். பத்தோ பன்னிரண்டோ வந்திருக்கும், அக்கா அழைத்தாள்.

"அவரு போட்டுட்டாரு" என்றாள். "திங்கக்கெழம வரைக்கும் வேணாம், இன்னிக்கே முடிங்கன்னு ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆபீசுக்குக் கூட்டிட்டாங்களாம். எல்லாரும் போட்டுட்டாங்க."

பாலனின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொன்ன பிறகும் யாரும் அதை நிறுத்தவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கட்டைவிரலில் நீல மை. எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வு வரை படித்தவர், அழகாக எழுதுபவர். பேனா பிடிக்க முடியாததால் ரேகை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாரத்தின் நகல் மேசையில் கிடந்தது.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், இரண்டு மடங்கு, இருபத்தாறு பேர், அந்த மணிக்கட்டு சுளுக்கு அல்ல என்பது. அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். 

"நீ சொல்லியிருந்தா முப்பது பேருகிட்டயும் நானே போய்ச் சொல்லியிருப்பேன்" என்றார் மாமா.

"மொத்தமா சொல்லலாம்னு கூட்டம் போட்டோம் மாமா."

"என்னா பேசுனீங்க?"

"அவங்கள முதலாளின்னு போடலாமா, கூடாதான்னு."

அவர் சிரிக்கவில்லை. இடது கையால் நகலை என் பக்கம் தள்ளினார். 'மஜிக்கான்' என்று ஆறு இடங்களில் இருந்தது. முதலாளிக்கு மலாய்ச் சொல். அந்த நிறுவனம் தன்னைத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"இன்னிக்கு வெள்ளி" என்றார் மாமா.