என் கதாநாயகர்களை மனப்பாடம் செய்தவர்

"ஹீரோவுக்குக் கொஞ்சமாவது திமிர் வேணும்மா," என்று பதிப்பாளர் வழக்கம்போல ஆரம்பித்தார். "உங்க ஆளு என்னடான்னா காய் நறுக்கித் தர்றான், தப்பு பண்ணா மன்னிப்பு கேக்குறான், அவ பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவே மாட்டேங்குறான். இப்படி ஒரு ஆம்பளை எங்கம்மா இருக்கான்?"

"இல்லாததாலதான் சார் புத்தகமா வாங்குறாங்க. இருந்தா வீட்டுலயே பாத்துக்க மாட்டாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் அந்தக் கண்ணாடி பளபளவென்று ஆகிவிடும். நடுவில் ஒரே ஒரு தடவை கதாநாயகியின் கன்னத்தில் அறையட்டும், அடுத்த அத்தியாயத்தில் அணைத்துக்கொள்ளட்டும், அது போதும் என்று கெஞ்சினார். அறைந்த கை அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டு, தாள்கட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒரு வரி மாறாமல் அச்சுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் மின்விசிறி சுற்றுவதே என் புத்தகங்களால்தான்.

காதல் நாவல்கள் எழுதுகிறேன். இதுவரை பதினேழு. ஒன்றில்கூடக் கதாநாயகன் குரலை உயர்த்த மாட்டான். குரல் உயர்த்துகிற மனிதர் ஒருவரோடு நான் குடித்தனம் நடத்தி முடித்தாகிவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்து "எங்கே வலிக்குது?" என்று கேட்டால்கூட அவர்தான் பதில் சொல்வார். ஒருமுறை பொய் சொல்லி என்னிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். கண்டுபிடித்ததற்காக என்னை மன்னிப்புக் கேட்கவைத்தார், கெட்டிக்காரர். ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், வந்த வேகத்தில் எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குச் சொல்வது. எனக்கு உட்கார்ந்தால் ஒன்றும் வராது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்வேன், தங்கை தட்டச்சு செய்வாள். எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் அவள். நாள் முழுக்க மற்றவர்களின் கைகால்களை நீட்டி மடக்கிவிட்டு வந்து, ஒரு காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பாள். இவள் எங்கே கதையைக் கவனிக்கப்போகிறாள், விரல்தான் வேலை செய்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த மருத்துவமனைக்குத் தோள் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் கணக்கு சார். கரும்பலகையில் எழுதி எழுதிக் கை மேலே போகாமல் நின்றுவிட்டதாம். தங்கை சரிசெய்தாள். தோள் குணமான பிறகும் மனிதர் வந்துகொண்டே இருந்தார். பிறகு வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டார். தங்கைக்கும் சம்மதம். பதிவு அலுவலகத்தில் அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கியாயிற்று.

முதல் நாள் வந்தபோது தங்கை தட்டை நீட்ட, கோப்பை சரிந்து டீ முழுக்க அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. அம்மா "ஐயையோ" என்று எழுந்தாள். அவர் சட்டையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சட்டை துவைச்சா சரியாயிடும். உங்க கையில பட்டுச்சா?"

அம்மாவின் முகத்தில் அந்த நிமிஷமே கல்யாணம் முடிந்துவிட்டது. எனக்கோ பொறி தட்டியது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே? எங்கேயோ என்ன எங்கேயோ, நான் சொன்னதுதான். என் நாலாவது நாவலில் பல் டாக்டர் சொல்வது. 'உன்' என்பதை 'உங்க' ஆக்கியிருந்தார், அவ்வளவுதான்.

சரி, நல்ல வார்த்தை யார் வாயிலும் வரலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அம்மா தன் முழங்கால் வலியின் வரலாற்றை ஆதியிலிருந்து எடுத்துவிட்டாள். நானே எழுந்து ஓடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார், "நிதானமா சொல்லுங்கம்மா. எனக்கு எங்கயும் போற அவசரம் இல்ல." இது வன அதிகாரி, ஒன்பதாவது நாவல். கிளம்பும்போது, நாள் முழுக்க நின்று களைத்திருந்த தங்கையிடம், "இன்னிக்கு நீங்க யாரையும் ஜெயிக்க வேணாம், சும்மா உக்காந்தா போதும்," என்றார். அது போன வருஷம் வந்த புத்தகம். அந்த ஒரு வரிக்காக ஒரு சாயங்காலம் முழுக்க நான் கூடத்தைத் தேய்த்திருக்கிறேன்!

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. என் கடைச் சரக்கையே என் வீட்டுக்குள் கொண்டுவந்து விற்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம்!

கதவு சாத்தியதும் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தானே பேசுறாரு. எங்கேர்ந்து எடுத்தா உனக்கென்னடி?"

"அது அவரு பேச்சு இல்லம்மா. என் பேச்சு."

"உன் வீட்டுக்காரன் சொந்தமாத்தான் பேசினான். என்ன வாழ்ந்துச்சு?"

இந்த வீட்டில் எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு விஷயம் அதோடு முடியவில்லை. கோபம் பாதி, பயம் பாதி. கோபத்தை நான் சமாளித்துவிடுவேன், பயம்தான் தூங்கவிடவில்லை. உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாத ஒரு மனிதர் என் வார்த்தைகளைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கல்யாணமான பிறகு சட்டையைக் கழற்றினால்? நான் எழுதியதை நம்பியே என் தங்கை எனக்கு வாய்த்த மாதிரி ஒருவரிடம் போய் மாட்டிக்கொண்டால், பிறகு நான் எந்த முகத்தோடு பேனா பிடிப்பது?

சோதித்துப் பார்க்க வேண்டும். எப்படி என்பதுதான் சிக்கல். தங்கைக்குத் தொலைவில் ஒரு பெரிய மருத்துவமனையில் ரெண்டு வருஷ மேற்பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்டால் என்ன சொல்வார்? "நீ போய் ஜெயிச்சுட்டு வா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்." பதினோராவது நாவல், கடைசிப் பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே பதில் எழுதிவைத்திருக்கிறேன்! கோபம் வந்தால், பசி வந்தால், அவள் சம்பளம் அதிகமானால், அவள் அம்மா வந்து மாசக்கணக்கில் தங்கினால், எல்லாவற்றுக்கும் என் ஆட்கள் அழகாகப் பேசியிருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் இல்லை. என் கதாநாயகர்கள் பொய் சொல்வதில்லை, அதனால் மாட்டிக்கொண்டதும் இல்லை. மாட்டிக்கொண்ட ஆண் என்ன பேச வேண்டும் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போது அவர் தன் சொந்த வாயைத்தான் திறந்தாக வேண்டும். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தார். அம்மாவும் தங்கையும் சூப் வைத்து, ரொட்டி சுட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. சமைச்சவங்க பாத்திரம் கழுவக் கூடாது."

"ஆறாவது நாவல்," என்றேன். "கப்பல் கேப்டன்."

"என்னக்கா?" என்றார்.

"டீ கொட்டினதுக்குப் பல் டாக்டர். முழங்கால் வலிக்கு வன அதிகாரி. இன்னிக்குக் கேப்டன் வந்திருக்காரு. எங்க வீட்டுக்கு நீங்க வாங்க சார், தாராளமா வாங்க. என் ஆளுங்களை எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?"

அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். தங்கை ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தாள். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகள் என்னென்ன சத்தம் போடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுவரில் பட்டால் ஒரு சத்தம், தரையில் விழுந்தால் ஒரு சத்தம்.

அவர் காது ரெண்டும் சிவந்துபோயின. தட்டுகளை மெதுவாக மேசையில் வைத்தார். சத்தமே வரவில்லை.

"ஆமாங்க," என்றார். "பதினேழும் படிச்சேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, சத்தம் போட்டுப் படிச்சேன்."

"எதுக்கு? என் தங்கச்சியை ஏமாத்தவா?"

"இல்லக்கா." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பேச்சு துண்டு துண்டாக வந்தது. "எங்க வீட்டுல யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. எங்கப்பா பேசினா பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்துவாங்க. அவர் எங்கம்மாவைப் பேசினது ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். நான் படிக்கல, அதுவா உள்ள ஏறிடுச்சு. ஒருநாள் வகுப்புல ஒரு பையன் கணக்கைத் தப்பாப் போட்டான். வாயைத் திறந்தேன், எங்கப்பா வந்துட்டாரு. அதே வார்த்தை, அதே குரல். அந்தப் பையன் மூஞ்சியைப் பாத்து பயந்துட்டேன். இவங்ககிட்டயும் அது வந்துடுமோன்னுதான்... அதை மறக்க முடியாது, அது மேல வேற ஒண்ணையாவது ஏத்திவைப்போம்னு பாத்தேன். வேற எங்க போய்க் கத்துக்கறதுன்னு தெரியல. உங்க புத்தகம்தான் கிடைச்சுது."

என் தொடையைக் கிள்ளிய அம்மாவின் கை இப்போது அங்கேயே சும்மா கிடந்தது.

தங்கைதான் பேசினாள்.

"அக்கா, அந்தப் பதினேழையும் டைப் பண்ணது யாரு?"

"நீதான்."

"பின்ன? டீ கொட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். இவரு பயந்தா உன் வசனம் பேசுவாரு. பயம் போனா ஒண்ணுமே பேச மாட்டாரு, வேலையைப் பாத்துட்டுப் போவாரு. ரெண்டும் எனக்குப் பழகிடுச்சு."

"அப்புறம் ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? நீபாட்டுக்கு நடந்து நடந்து பேசிட்டே இருந்த."

வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது, வீட்டு வாய்.

அவள் ரொட்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு ரெண்டு வருஷப் படிப்புக்கு இடம் வந்திருக்கு. வெளியூர். கல்யாணமான அடுத்த வாரமே போகணும். போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க என்ன சொல்றீங்க? புத்தகத்தைப் பாக்காம சொல்லுங்க. இதுக்கு வர்ற பதிலை வெச்சுத்தான் அடுத்த மாசம் கையெழுத்து."

"நீங்க போய் ஜெயிச்சு..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். கைகளைச் சட்டையில் துடைத்தார். மனிதரே, எதையாவது சொல்லித் தொலையுமே, என் பதினோராவது நாவலே பரவாயில்லை என்று எனக்கே ஆகிவிட்டது.

"எனக்குப் பிடிக்கல," என்றார்.

அம்மா மூச்சை இழுத்தாள்.

"பிடிக்கலன்னு சொல்லலன்னா பொய் ஆயிடும். ரெண்டு வருஷம் பெருசு. ரெண்டு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவேன்னு நினைக்கிறேன். அப்புறம் அந்த ஊருக்கு எந்தெந்த நேரம் பஸ்ஸுன்னு விசாரிச்சுக்குவேன். நீங்க போங்க. என்னிக்காவது என் வாயிலேர்ந்து 'போகாத'ன்னு வந்தா, அது நான் இல்ல, எங்கப்பா. அவருக்குப் பதில் சொல்லாதீங்க. கதவைச் சாத்திட்டுக் கிளம்பிடுங்க. பின்னாடியே வந்து நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. அவள் சிரிக்கவும் செய்தாள். கையை நீட்டி, தான் சரிசெய்த அந்தத் தோளைத் தொட்டாள்.

பதினேழு நாவல் எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததே இல்லை. என் ஆட்கள் எல்லாம் நல்லவர்களாகவே பிறந்தவர்கள். தனக்குள்ளே ஒரு கெட்ட குரல் இருப்பது தெரிந்து, அது வந்தால் கதவைச் சாத்து என்று வழி சொல்லிக்கொடுக்கிற ஒருவரை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. என் கை தானாக அலமாரியிலிருந்த பேனாவை எடுத்துவிட்டது.

"சார், கடைசியா சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை எட்டி என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எழுதாதக்கா. இது எனக்குச் சொன்னது."

பேனா அவளிடமே இருந்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.