அண்ணி அனுப்பிய படங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் என் பொறுப்பு. லேபில் என் அண்ணி டெக்னீஷியன். அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவன் நான்தான். அதில் மண்ணை அள்ளிப் போட்டவனும் நான்தான்.

புதுக் கட்டடத்துக்கு லைன் இழுத்த வாரம், படம் வைத்த ரிப்போர்ட்டுகள் டாக்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அண்ணி அனுப்பினேன் என்றார். அனுப்பாமலே பொய் சொல்கிறார் என்று மேனேஜர் விசாரணை வைத்தார். நான் சீட்டை விட்டு எழுந்திருக்காமல், லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சின்னச் சோதனையான பிங் அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. 'நெட்வொர்க்கில் பழுதில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சொந்தக்காரர் என்று சலுகை காட்டவில்லை என்ற பெருமை வேறு. அண்ணியின் வேலை போனது. அண்ணன் என்னோடு பேச்சை விட்டான்.

நாலு மாதம் கழித்து ஸ்கேன் பிரிவிலிருந்தும் அதே புகார். இந்த முறை லைனில் போகும் தகவல் துண்டான பாக்கெட்டையே பிடித்துத் திறந்தேன். எங்கிருந்து, எங்கே, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதன் முகவரிச் சீட்டு மாதிரியான ஹெடரில் இருக்கும். நீளம் 1500 பைட். கூடவே 'உடைக்காதே' என்ற குறி. புது லைனில் 1400-க்கு மேல் போகாது; அந்த அளவை வைத்தவன் நான். பெரிய பாக்கெட் வந்தால் ரௌட்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சின்னதாக அனுப்பச் சொல்லித் தகவல் கொடுக்கும். பாதுகாப்பு என்று சொல்லி, பிங்கைத் தவிர அப்படிப்பட்ட தகவல்களை எல்லாம் அடைத்தவனும் நான். அதனால் சின்னதாக அனுப்ப வேண்டும் என்பதே அனுப்பிய கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை; படங்கள் வழியிலேயே தொலைந்தன.

பாக்கெட்டுகளைச் சுமந்துபோகும் நெட்வொர்க் லேயர் எதற்கும் உத்தரவாதம் தராது, முடிந்தவரை கொண்டுபோகும், அவ்வளவுதான். புதிதாக வருபவர்களுக்கு இதைப் பாடம் எடுத்த வாய் இது. பிங் பாக்கெட் துக்கடா, ஜம்மென்று போய் வந்திருக்கிறது. எனக்கே என்னைக் கண்டால் பற்றிக்கொண்டு வந்தது.

தப்பு என்னுடையது, அண்ணியைத் திரும்ப எடுங்கள் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சேப்பா" என்றார்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அண்ணி. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சின்ன ரிப்போர்ட்டெல்லாம் போச்சு தம்பி. படம் வெச்சதுதான் போகல. அப்பவே கவனிச்சேன்."

"ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்க கையெழுத்தைக் காட்டினாங்க. படிச்சவரு, நம்ம வீட்டுப் பிள்ளை, சரியாத்தான் பாத்திருப்பாருன்னு நானே நம்பிட்டேன். நாலு மாசமா, நான் எங்க தப்புப் பண்ணேன்னு யோசிச்சிட்டே இருக்கேன்."