மணவாளன் கொடுத்த ரெஸ்ட்

"தானியேலு, திங்கக்கெழமையில இருந்து உனக்கு ரெஸ்ட்டு."

சூப்பர்வைசர் மணவாளன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தானியேலுக்குத் தலையில் இடி விழுந்தது.

கும்மிடிப்பூண்டியின் அந்தக் கம்பி ஆலையில் காண்டிராக்ட் ஆளிடம் யாரும் 'வேலையை விட்டுப் போ' என்று சொல்வதில்லை. மரியாதை தெரிந்தவர்கள் அல்லவா, 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா' என்பார்கள். ரெஸ்ட் எடுத்தவன் மறுபடி கேட்டுக்குள் கால் வைத்த சரித்திரமே கிடையாது. போன வருஷம் ரெஸ்ட் எடுத்த சுப்பிரமணி இன்னும் எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"தப்பா? கவர்மெண்டு ஆர்டர்யா. பொண்டாட்டி, பொண்ணோட ஜாலியா இரு."

கிண்டல் வேறா என்று வயிறு எரிந்தது. எரிந்து என்ன பண்ண? தானியேல் சடாரென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "ரெஸ்ட்டெல்லாம் வேணாம் சார். ஞாயித்துக்கெழமை கூட வர்றேன்."

மணவாளன் முழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நீயேதான் வேணாங்கிற. அப்பால என்னைச் சொல்லக்கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்."

வேலை பிழைத்த சந்தோஷத்தில் பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனான். மகள் பிரின்சி சிவப்பு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வியர்த்து ஒழுகினாள்.

"இன்னாடி இது? வெயிலு மண்டைய பொளக்குது, ஸ்வெட்டரப் போட்டுக்கினு!"

மனைவி கிரேஸ் சிரித்தாள். "சூப்பர்வைசர் சொல்லலியா? சர்ச்சாண்ட முகாம் போட்டாங்க, உனக்குத் தெரியாம பேர் குடுத்தேன். தொழிலாளி குடும்பத்துக்கு அரசாங்கச் செலவுல ஊட்டி. சம்பளத்தோட லீவுய்யா! திங்கக்கெழம கம்பெனி கேட்டாண்ட பஸ்ஸு வருதாம்."

பொட்டலம் கை நழுவிக் கீழே விழுந்தது.

"அப்பா, ஊட்டில வாயத் தொறந்தா மெய்யாலுமே புகை வருமா?" என்றாள் பிரின்சி.

ரெஸ்ட் என்றால் ரெஸ்ட்தானா? அந்தச் சொல்லுக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போனபோது கேட்டுக்கு வெளியே பஸ் நின்றது. உள்ளே ஓர் ஆள்கூட இல்லை. பஸ்ஸோடு வந்திருந்த அரசாங்க அதிகாரியம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாருமே வேணாம்னுட்டாங்களாம் சார். இவங்களுக்கு ஊர் பாக்கிற ஆசையே இல்ல போல. அடுத்த வருஷம் இந்த ஏரியாவே வேணாம்."

எல்லாருமா? அப்படியானால் அத்தனை பேரும் அந்தக் காலைப் பிடித்திருக்கிறார்கள்.

"மேடம்..." என்று ஓரடி எடுத்து வைத்தான். கேட்டருகே நின்ற மணவாளன் அவனையே பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தானியேலு, ரெஸ்ட் வேணுமா?"

"வேணாம் சார்" என்று ஆலைக்குள் போனான்.