பலகை இல்லாத அறை

“ஹீப்புக்கும் பைலுக்கும் என்ன வித்தியாசம்?” என்று பலகைக்காரர் என்னைக் கேட்டார்.

அவர் தலைமை அலுவலகத்து அதிகாரி. சாக்குப்பை நிறைய இங்கிலீஷ் பலகைகளோடு எங்கள் பழந்துணிக் கிடங்குக்கு வந்ததால் வந்த அன்றே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து நின்று வாசி என்றால் குரல் தொண்டையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும், அதுதான் காரணம். ஆனாலும் கிடங்கில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அத்தை என் முதுகில் ஒரு தள்ளு தள்ளி அவர் முன்னால் நிறுத்தியிருந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சட்டைகளை வாரித் தரையில் கொட்டிக் காட்டினேன். அது ஹீப். பிறகு அவற்றையே ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்தேன். அது பைல். கை சும்மா இருக்காமல் ஓரங்களையும் தட்டி நேராக்கினேன்.

“இப்ப அது ஸ்டாக்,” என்றார் பலகைக்காரர், பரவாயில்லையே என்கிற முகத்தோடு. ஓரம் நேராக அடுக்கினால் பெயரே மாறிவிடுமாம்.

அதுவரை எங்களுக்கு எல்லாமே குவியல்தான். கம்பளிக் குவியல், காற்சட்டைக் குவியல், ஜோடி தொலைந்த காலுறைக் குவியல். அப்படிச் சொல்வது வாங்க வருகிறவர்களுக்கு மட்டமாகப் படுகிறதாம். இனிமேல் சரக்கு எப்படிக் கிடக்கிறதோ அதற்கேற்ற இங்கிலீஷ் பலகை அதன் தலைக்கு மேல் தொங்க வேண்டும். பலகை தொங்காத இடமெல்லாம் காலி இடம் என்று கணக்கு. காலி இடத்தை வெளியாருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள்.

துணிகளை மூட்டையாகக் கட்டும் கட்டு மாமா தன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். “எனக்கும் ஒண்ணு மாட்டிடுங்க சார். இல்லன்னா என்னையும் யாருக்காவது வாடகைக்கு விட்டுடப் போறாங்க.”

அத்தை சிரிக்கவில்லை. அவள் கண் கிடங்கின் பின்பக்கக் கதவில் இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். கிடங்குப் பொறுப்பு அத்தையுடையது என்பதால் கொடுத்த அறை. ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு அடுப்பு, சாத்தினால் சாத்திக்கொள்ளாத ஒரு ஜன்னல். அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. கதவுக்கு மேல் பலகையும் கிடையாது.

ஒன்று மாட்டித்தரச் சொல்லி அத்தை கேட்டாள். அவரும் நியாயமாகத்தான் பேசினார். ஏதாவது ஏராளமாக இருந்தால்தான் பலகை, அறைக்குள் அப்படி என்ன இருக்கிறது என்றார். கவலை என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டதாக அத்தை பிறகு சொன்னாள்.

அவர் பையைக் கவிழ்த்தார். ஹீப், பைல், ஸ்டாக், மேடாகக் கிடந்தால் மவுண்ட் என்று மனதுக்குள் வாசித்துக்கொண்டே போனேன். மலையாகக் கிடந்த கம்பளிகளுக்காகவே மவுண்டன் என்று ஒன்று கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஓரம் உடைந்த பலகை ஒன்று கிடந்தது. ப்ளெண்டி. நிறைய, போதும் போதும் என்கிற அளவு. நான் அதைக் கையில் எடுத்ததும் அவர் வாங்கி மறுபடி பைக்குள் போட்டுவிட்டார். அதை எங்கே மாட்டினாலும் தணிக்கையில் பிடித்துக்கொள்கிறார்களாம். போதும் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லையாம். அதனால் அது எந்தக் கிடங்கிலும் தொங்காமல் அவரோடே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

மற்றவற்றை மாட்டிவிட்டு, அடுத்த வாரம் சரிபார்க்க வருவதாகச் சொல்லிப் போனார்.

அறைக்குள் ஏராளத்தை உண்டாக்கிவிடலாம் என்பது அத்தையின் யோசனை. கம்பளி மவுண்டனிலிருந்து அள்ளி அள்ளி உள்ளே கொட்டினோம். அறை நல்ல ஹீப்பாக ஆனது. ஆனால் மவுண்டன் இளைத்து மவுண்டாகிவிட்டது. பலகை ஒன்று சொல்லி, சரக்கு வேறாகக் கிடந்தால் அதுவும் குற்றம். அதனால் காற்சட்டை மவுண்டிலிருந்து எடுத்துக் கம்பளியை உயர்த்தினோம். காற்சட்டை ஹீப்பாகச் சரிந்தது. காலுறை ஹீப்பைச் சுரண்டிக் காற்சட்டையைத் தேற்றினோம். இப்போது காலுறைகளைப் பார்த்தால் யாரோ அவசரமாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதுபோல் இருந்தது. அவற்றைப் பெருக்க அறையிலிருந்து எடுத்தோம். அறை குறைந்தது. மறுபடி கம்பளியிடம் போனோம்.

வாரம் முழுக்க இதே வேலை. எது எந்தப் பெயரை இழந்தது என்று நான் விரலால் காட்டுவேன், அத்தை தூக்குவாள். கடைசியில் எங்கள் சொந்தத் துணி, ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் உள்ளே போயின. கட்டு மாமா தன் சட்டையையே கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு நின்றபடி, இதைவிடத் தன்னால் ஏராளமாக முடியாது என்று சொல்லிவிட்டார். அடுப்பு எந்தப் பக்கம் புதைந்தது என்று தெரியாததால் வெளியே வாங்கிச் சாப்பிட்டோம். துணிமேல் ஏறித்தான் படுத்தோம். அத்தை புரண்டால் விட்டம் மூக்கில் இடித்தது.

பலகைக்காரர் சொன்னபடி வந்தார். மவுண்டனைச் சுற்றி நடந்தார். காலுறை ஹீப்பை விரலால் குத்தி, அது சரிகிறதா என்று பார்த்தார். தலையாட்டிக்கொண்டே எங்கள் கதவுக்கு வந்தார்.

அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. வேண்டாம் என்று சொல்ல என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் தாழ்ப்பாளை இழுத்தார்.

துணி தாழ்ப்பாளை விட்டால் போதும் என்று காத்திருந்ததுபோல் வந்தது. அடங்கியபோது பலகைக்காரர் மார்பு வரைக்கும் துணிக்குள் நின்றார். அவர் காதில் ஒரு காலுறை தொங்கியது. அவருக்குப் பின்னால் அறை பளிச்சென்று தெரிந்தது. கட்டில், பாய், அடுப்பு.

“இதுக்குப் பலகை அடிக்கலியா சார்?” என்று கட்டு மாமா துணியைக் காட்டிக் கேட்டார்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. திரும்பி அறையைப் பார்த்தார்.

“உள்ள என்னம்மா இருக்கு?”

“நாங்க ரெண்டு பேர் இருக்கோம் சார்,” என்றாள் அத்தை.

“ரெண்டு பேரை வச்சு நான் எந்தப் பலகைய மாட்ட?” என்று சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். சாவிக்குத்தான். அத்தை இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தேடினாள். முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. இருந்தும் தேடிக்கொண்டே இருந்தாள்.

“ப்ளெண்டி.”

கட்டு மாமா யார் பேசியது என்று வாசல் பக்கம் பார்த்தார். அத்தை மட்டும் என்னைப் பார்த்தாள்.

பலகைக்காரர் நீட்டிய கையை மெல்ல இறக்கினார். “போதும்னு யார் முடிவு பண்ணினது?”

“நாங்கதான் சார். உள்ள இருக்கிறது நாங்கதானே.”

நான் அவ்வளவு நீளமாகப் பேசி வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. பலகைக்காரர் யோசித்தார். தணிக்கைக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல இங்கே ஆளிருக்கிறது என்பது அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது தெரிந்தது. துணிக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளியே வந்தார். பையின் அடியில் கைவிட்டு ஓரம் உடைந்த பலகையை எடுத்து ஊதினார். கதவுக்கு மேல் மாட்டினார். இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது, அப்படியே விட்டுவிட்டார்.

காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காதில் தொங்கிய காலுறையோடு வெளியே போனார்.