வராத ராணிக்குக் காவல்

என் ராணி முதன்முதலாக வெளியே கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கே செத்தும் போனாள். கொன்றவர் ஆட்டையாம்பட்டி கரீம் பாஷா.

நானும் பாஷா பாயும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டவர்கள். அவர் டிரைவர், நான் துளை போடுகிறவன். சத்தீஸ்கரில் ஓரிடத்தில் ஆயிரம் அடி தாண்டியதும் பூமிக்குள்ளேயிருந்து ஒருவர் இந்தியில், "கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், குழந்தை தூங்குகிறது" என்றார். தள்ளித்தான் போட்டோம். பாய்தான் சாட்சி. கேட்டால் சிரிப்பார். அவருக்கு அன்றைக்குக் காது அடைத்திருந்தது.

ரிக் வேலையை விட்ட பிறகு அவர் சொந்த ஊரில் முறுக்கு வாங்கி, ஓம்னி வேனில் கடை கடையாகப் போட்டுவந்தார். போகிற வழியில் பேத்தி ஷிரீனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். நான் எருமப்பட்டியில் மகனுடைய கோழிப் பண்ணையில் மேற்பார்வை. அதாவது கட்டிலில் படுத்தபடி நான் கோழிகளைப் பார்ப்பேன், கோழிகள் என்னைப் பார்க்கும். எங்களில் யார் முதலாளி என்று இரண்டு தரப்புக்குமே சந்தேகம் இருந்தது.

"வெட்டியாப் படுத்துக் கெடக்கறதுக்கு செஸ்ஸாவது கத்துக்கடா" என்று பாய் ஒருநாள் போனில் சொன்னார். ரிக் வண்டி பழுதாகி நிற்கிற நாட்களில் அவர் காந்தப் பலகையை விரித்து யாருடனாவது ஆடுவார். நான் வண்டிக்கடியில் தூங்குவேன். அந்தத் தூக்கத்துக்குத்தான் இத்தனை வருடம் கழித்துப் பழிவாங்கினார். மருமகள் என் போனில் செஸ் ஆப் போட்டுக் கொடுத்தாள். அவர் அங்கே, நான் இங்கே, சாயங்காலம் ஆட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் என் ராணியை எடுத்த எடுப்பில் தனியாக அனுப்பினேன். பாய் ஒரு சிப்பாயைத் தள்ளினார். ராணி பலகையின் ஓரத்துக்கு ஓடினாள். பாய் ஒரு குதிரையைக் கிளப்பினார். பிறகு இன்னொரு சிப்பாயைத் தள்ளி மந்திரிக்கு வழிவிட்டார். மந்திரி குறுக்காக வந்து ஓரத்தில் நின்ற என் ராணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

உடனே போன் அடித்தது.

"போச்சுடா உன் ராணி! தொணைக்கு ஆளில்லாம பொம்பளைய அனுப்பற, நீயெல்லாம் ஒரு ராஜாவா?"

அந்த ஆட்டத்தை அவர் முறுக்கோடு சேர்த்துக் கடை கடையாக விநியோகம் செய்தார். என்னைப் பார்த்தேயிராத மளிகைக்காரர்களுக்கெல்லாம் என் ராணி செத்த கதை தெரிந்திருந்தது.

நான் தோற்றேன். மறுபடி தோற்றேன். ஒருமுறை ஆட்டம் தொடங்குமுன்பே தோற்றேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பாயிடமே கேட்டேன், ஜெயிக்கிறது எப்படி என்று.

"தோத்த ஆட்டத்தத் திருப்பி ஓட்டிப் பாரு. அந்த ஆப்லயே இருக்குது. நீ எங்க கோட்ட விட்டியோ அங்க செவப்புல காட்டும்."

ஓட்டிப் பார்த்தேன். என் ஆட்டங்கள் மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி இருந்தன. ஆனாலும் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. நான் என் காயை மட்டுமே பார்த்திருக்கிறேன். எதிராளி ஒரு காயை நகர்த்தினால், ஏன் நகர்த்தினார் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு கேட்டேன். பாய் குதிரையை எடுத்து வைத்தால், எதற்கு என்று கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் விரலை வைப்பேன். சிவப்பு கொஞ்சம் குறைந்தது. கொஞ்சந்தான்.

பிறகு ஜெயிக்க ஆரம்பித்தேன்.

முதல் வெற்றியன்று டீக்கடையில் சொன்னேன். இரண்டாவது வெற்றியன்று எதிராளி ரஷ்யாக்காரன் என்று சொன்னேன். அடுத்தடுத்து ஜெயித்தபோது சொல்வதற்கு நாடு கிடைக்கவில்லை. பாய் தோற்றாலும் கோபிக்கவில்லை. "ஏதோ கவனம் தப்பிருச்சு" என்று போனை வைத்துவிடுவார்.

ஜெயித்த ஆட்டங்களையும் ஓட்டிப் பார்ப்போம் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். கற்றுக்கொள்ள அல்ல, ரசிக்க. மிளகாய்க் களம் இந்தப் பக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நான் அப்படியொன்றும் முன்னேறியிருக்கவில்லை. சிவப்பெல்லாம் அந்தப் பக்கம் கூடியிருந்தது. பாயின் பக்கம்.

பழகிய கேள்வியைக் கேட்டேன். ஏன் இந்தச் சிப்பாயைத் தள்ளினார்? பதிலில்லை. ஏன் இந்தக் குதிரை? பதிலில்லை. நான் எந்தப் பக்கம் அடித்தாலும் அதே சிப்பாய், அதே குதிரை, மந்திரிக்கு அதே வழி. ஆட்டம் தவறாமல் அதுதான். எங்கேயோ பார்த்தது போலிருக்கிறதே என்று பின்னால் பின்னால் போனேன். போய்ப் போய் அந்தச் செவ்வாய்க்கிழமையில் போய் நின்றேன். இப்போதெல்லாம் என் ராணி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வராத ராணிக்கு அவர் காவல் போட்டுக்கொண்டிருந்தார்.

கோழிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை.

வயசானால் எல்லாருக்கும் வருகிற மறதிதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த வாரமே பாய் போன் செய்தார், சிரித்துக்கொண்டே.

"கருப்பண்ணா, ஒரு கூத்தக் கேளு. காத்தால ஷிரீனப் பள்ளிக்கூடத்துல உடக் கெளம்பி, திருச்செங்கோட்டு ரிக் பட்டறையில போய் நின்னுட்டன்டா. வண்டி ஏன் இன்னும் ரெடியாகலேன்னு சத்தம் வேற போட்டிருக்கேன். அங்க ஒருத்தனுக்கும் என்னத் தெரியல."

"புள்ள பயந்துக்கிச்சுங்களா?"

"ஐஸ் வாங்கிக் குடுத்தேன். ஊட்டுல சொல்லாதேன்னிருக்கேன். நீயும் வாயத் தொறக்காத."

அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் நானும் சிரித்தேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் லாரி ஓடுகிற ரோடு. பக்கத்து சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை.

மறுநாளே பஸ் ஏறினேன். பாயின் மகன் ஷஹ்பாஸ் வாசலில் முறுக்குப் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டம், சிவப்பு, பட்டறை, ஐஸ். அவன் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, போன பக்ரீத்துக்கு வந்தப்ப உங்க கோழி ஒண்ணு கரண்டு போற நேரத்த முன்கூட்டியே சொல்லுதுன்னீங்க."

"அது உண்மை சாமி."

"நிலாவுல போர் போட உங்களத்தான் மொதல்ல கூப்பிட்டாங்கன்னீங்க."

"கூப்பிட்டாங்க. பேட்டா காசு பத்தலேன்னு நாந்தான் போகல. அத உடு சாமி. இது வேற."

"அத்தா உங்ககிட்ட தோத்துட்டாரு, அதனால அவருக்கு மூளை கொழம்பிப் போச்சு. அப்படித்தான? நல்லாத்தான் கத சோடிக்கறீங்க மாமா. அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் லேட்டுன்னு ஷிரீன்கிட்ட கேட்டேன், வண்டி பஞ்சர்னு சொன்னா."

உள்ளேயிருந்து பாயின் மனைவி மஸ்தான் பீவி டீயோடு வந்தார். "அண்ணன் வந்தாலே ஊடு கலகலன்னு ஆயிருது" என்றார். அவருடைய கண் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை என் கையில் கொடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

"சரி சாமி. இப்ப உங்கப்பனோட ஒரு ஆட்டம் ஆடறேன்" என்றேன். "பக்கத்துல உக்காந்து பாரு. என் ராணி இருந்த எடத்த உட்டு அசையாது. ஆனா அவரு அதப் புடிக்க என்னென்ன பண்ணுவாருன்னு இப்பவே சொல்லிடறேன்." சொன்னேன். சிப்பாய், குதிரை, இன்னொரு சிப்பாய், மந்திரி.

பாய் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். என்னைக் கண்டதும் அப்படியொரு சந்தோஷம். காந்தப் பலகையை அவரே தேடி எடுத்து விரித்தார். காய்களை அடுக்குவதில் ஒரு தவறும் இல்லை. நான் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். பாய் நான் சொல்லிவைத்த சிப்பாயைத் தள்ளினார். ஷஹ்பாஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மறு ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினேன். பாய் குதிரையை எடுத்து வைத்தார். ஷஹ்பாஸின் கை பாக்கெட்டு அடுக்குவதை நிறுத்தியது. இன்னொரு முறை நகர்த்தினேன். பாய் மந்திரிக்கு வழிவிட்டார்.

என் ராணி ராஜாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நான் ஏதோ ஒன்றை நகர்த்த, மறுபடி அவர் முறை வந்தது. மந்திரியை எடுத்துக் குறுக்காகக் கொண்டுபோய் ஓரத்துக் கட்டத்தில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் இடது கை நீண்டது. வெறும் கட்டத்தில் இரண்டு விரலைக் கூட்டி, அங்கே இல்லாத ஒன்றை மெல்லத் தூக்கி, பலகைக்கு வெளியே தன் முழங்காலருகில் வைத்தார். அது விழுந்துவிடாதபடி விரலால் ஒருமுறை நேராக்கினார்.

"போச்சுடா உன் ராணி" என்று சிரித்தார். "தொணைக்கு ஆளில்லாம பொம்பளைய அனுப்பற."

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற ராணியைப் பார்த்தார். முழங்காலருகில் தரையைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அத்தா, திருச்செங்கோட்டுக்குப் போனீங்களா?" ஷஹ்பாஸ் கேட்டான். "ஷிரீனக் கூட்டிக்கிட்டு?"

பாய் என் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொன்ன இவன்கிட்ட?"

நான் பலகையைப் பார்த்தேன்.

"கருப்பண்ணா, அதெல்லாம் பொய்யினு சொல்லு. எத்தன சொல்லியிருக்க. பூமிக்குள்ளாற ஆள் இருக்கான்னு சொன்னவன்தான நீ? நான் ஒருத்தர்கிட்டயும் உன்னக் காட்டிக் குடுத்ததில்லியே. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுடா. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு."

வாயைத் திறந்தேன். பொய் எனக்குக் கேட்காமலே வந்து விழுகிற சரக்கு. சந்தையில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூட வந்திருக்கிறது. அன்றைக்கு வரவில்லை.

"அண்ணன் சொன்னது நெசந்தான். ராத்திரி உங்கத்தா அடுப்படிக்கு வழி தெரியாம நிக்கறாரு" என்று மஸ்தான் பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். "நாந்தான் உங்கிட்டச் சொல்லல."

ஷஹ்பாஸ் கையை நீட்டினான். பாய் வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்திருந்துவிட்டு, வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அதில் வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போயிட்டு வாரனுங்க பாய்" என்றேன். திரும்பவில்லை.

இரண்டு வாரம் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. முகத்தில் விழிப்பாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டே ஒரு வெள்ளிக்கிழமை போனேன். வேப்பமரத்தடியில் வேன் நின்றிருந்தது. கண்ணாடியில் பூவும் தூசியும் படிந்திருந்தன. சேலத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதாகவும், மாத்திரையால் சரியாகாது, மெதுவாக்கத்தான் முடியும் என்று சொன்னதாகவும் ஷஹ்பாஸ் வாசலிலேயே சொன்னான். சொல்லிவிட்டு, "உள்ள போங்க மாமா" என்றான்.

பாய் படுக்கையைச் சுருட்டி, தலையணையைப் புரட்டி, எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாடா, வாடா! எத்தன நாளாச்சு வந்து! ஆளையே காணோம்?"

"பண்ணையில வேலைங்க பாய்."

"நல்ல நேரத்துக்கு வந்த. வேன் சாவிய எங்கியோ வெச்சுட்டன்டா. காத்தாலிருந்து தேடறேன். இவங்களக் கேட்டா ஆளுக்கொரு பக்கம் முழிக்கறாங்க. புள்ளைக்குப் பள்ளிக்கூட நேரமாச்சு. நீ பாத்தியா?"

மணி அப்போது மத்தியானம் கடந்திருந்தது.

"இல்லீங்க பாய். நான் பாக்கல."

ரொம்பச் சுலபமாக வந்தது.

"நீ பாத்திருந்தா சொல்லியிருப்ப" என்றார் பாய். சொல்லிவிட்டு, அலமாரியில் மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதற ஆரம்பித்தார்.

நானும் குனிந்து கட்டிலுக்கடியில் தேடினேன்.